பருவந்தோறும் மாறும் காற்றின் ஈரமும் வீட்டின் மரத்தரையும்

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயகம் செல்லும் குடும்பத்தினர், ஆறு வாரம் கழித்துத் திரும்பிவந்து கதவைத் திறக்கும்போது, புதிதாகப் பதித்த மரத்தரையின் பலகைகளுக்கிடையே ஒரு ரியால் நாணயம் செருகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருப்பதைக் காண்பதுண்டு. பதித்த தச்சரைக் குறைகூறுவதும், மரம் போலியென்று கடைக்காரரிடம் முறையிடுவதும் அதன் பின்னர் நிகழும். பல வேளைகளில் தச்சரும் பிழை செய்திருக்கமாட்டார். மரமும் போலியாக இராது. அந்த வீட்டின் காற்றுக்கு அந்த மரம் பொருந்தவில்லை என்பதே உண்மையாக இருக்கும். ஒரு கூடத்திற்கு மரத்தரை இடுவது பல மாதச் சேமிப்பை விழுங்கும் செலவு. ஆதலால் பணம் கொடுப்பதற்கு முன்னரே இதனை அறிந்துகொள்வது நல்லது.

பத்தா என்னும் அரபுச் சொல்லுக்கு மணலும் சிறு கூழாங்கல்லும் பரந்த வறண்ட ஓடைப்படுகை என்பது பொருள். ரியாத் நகரின் இப்பகுதி அத்தகைய ஓடை ஒன்றன் வழியே எழுந்தது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் இது. இங்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெளிக்காற்றின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 47 விழுக்காட்டளவில் இருக்கும். மார்ச்சில் அது 32 விழுக்காடாகவும், மே மாதத்தில் 17 விழுக்காடாகவும் குறைந்து, ஜூன், ஜூலை மாதங்களில் 10 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். நவம்பரில் மீண்டும் 36 விழுக்காட்டிற்கு ஏறும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவர்க்குக் கோடை என்றால் புழுக்கமும் வியர்வையும் நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் ஊதிப்போய்ச் சாத்த முடியாத கதவு நினைவுக்கு வரும். இங்கே கணக்கு வேறு. கோடைதான் மரத்தை உலர்த்திச் சுருக்கும் காலம். குளிர்காலமே மரம் சற்று ஊதும் காலம்.

எனினும் மரத்தரை கிடப்பது வெளியில் அன்று, வீட்டுக்குள். வீட்டுக்குள் இருக்கும் ஈரத்தை முடிவு செய்வது வானிலையைக் காட்டிலும் குளிரூட்டும் கருவியே. இந்த ஒரு செய்தியைக் கடைகளில் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதற் கேள்வியோ இதுவே.

ஸ்பிளிட் அல்லது ஜன்னல் ஏ.சி. பொருத்திய வீட்டில், ஜூலை மாதத்து வெளிக்காற்று 36 பாகை வெப்பத்திலிருந்து 24 பாகைக்குக் குளிரும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 10 விழுக்காட்டிலிருந்து சுமார் 20 விழுக்காட்டிற்கு உயரும். காற்று குளிர்ந்தால் அதே நீராவி கூடுதல் விழுக்காடாகக் கணக்காகும் என்பதே காரணம். சமையலும் குளியலறையும் மனிதர் மூச்சும் சேர்ந்து இன்னும் சிறிது கூட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் இடாத வீட்டில் ஈரப்பதம் 45 விழுக்காடு வரை நிற்கும். ஹீட்டர் இட்டால் 30 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். ஆக, இத்தகைய வீட்டில் ஆண்டு முழுதும் ஈரப்பதம் ஏறத்தாழ 20க்கும் 45க்கும் இடையில் ஊசலாடும்.

பத்தாவின் பழைய கட்டடங்களில் இன்றும் இயங்கும் டெசர்ட் கூலர் உள்ள வீடு முற்றிலும் வேறானது. ஈரத் தட்டிகளின் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் அக்கருவி, கோடை முழுதும் அறைக்குள் நீராவியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியே 10 விழுக்காடு இருக்கும் நாளில் உள்ளே 60 விழுக்காட்டைத் தாண்டலாம். அந்தக் கூலரை நிறுத்திவிட்டு வீட்டைப் பூட்டி ஊருக்குச் சென்றால், சில நாட்களில் அறை பாலைவனக் காற்றின் நிலைக்கே திரும்பிவிடும். ஒரே கோடையில், ஒரே அறையில், ஈரத்தின் உச்சமும் அடிமட்டமும் வந்து போகின்றன. மரத்திற்கு இதனைவிடக் கடினமான சோதனை அரிது.

இனி மரத்தின் பக்கம் வருவோம். வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஒவ்வோர் ஈரப்பதத்திற்கும் மரத்தில் ஒரு சமநிலை ஈரம் உண்டு. சாதாரண அறை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாயின் மரத்தில் சுமார் 9 விழுக்காடு நீர் இருக்கும். 30 விழுக்காடாயின் 6. 20 விழுக்காடாயின் 4.5, 10 விழுக்காடாயின் 2.5 மட்டுமே. மறுபுறம் 80 விழுக்காட்டுக் காற்றில் 16 வரை ஏறும். வார்னிஷும் எண்ணெய்ப் பூச்சும் இந்தப் போக்குவரத்தைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தமாட்டா.

ஈரம் இழந்த மரம் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நீளத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. அகலத்தில்தான் மாற்றம். அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய ஆரப் போக்கில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகை வாங்கும்போது அதன் வெட்டுமுனையைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்று பழைய ஆசாரிகள் சொல்வது இதன் பொருட்டே. முனையில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நின்றால் அது ஆர அறுப்புப் பலகை. அகலத்தில் குறைவாகவே அசையும். கோடுகள் படுத்துக் கிடந்தால் அது தட்டை அறுப்பு, அசைவு மிகுதி. தட்டை அறுப்பில் பெரிய பூ வேலைப்பாடு போன்ற வரிகள் மேலே தெரிவதால் கடைக்கண்ணாடிக்குப் பின்னால் அழகாக இருக்கும். வறண்ட நாட்டில் அந்த அழகுக்கு விலை உண்டு.

கணக்கிட்டுப் பார்த்தால் தெளிவாகும். 120 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை அறுப்பு ஓக் பலகை ஒன்று, 9 விழுக்காட்டு ஈரத்திலிருந்து 5 விழுக்காட்டிற்கு இறங்கினால் அகலத்தில் சுமார் 1.8 மில்லிமீட்டர் இழக்கும். அதே அகலத்தில் தேக்குப் பலகை 0.9 மில்லிமீட்டர் மட்டுமே இழக்கும். ஆர அறுப்பு ஓக் 0.8 மில்லிமீட்டரில் நின்றுவிடும். கூலர் ஓடும் வீட்டில், 11 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடு வரை இறங்கும் நிலை நேர்ந்தால், முதலில் சொன்ன ஓக் பலகையின் இழப்பு 3.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். ரியால் நாணயம் அல்ல, இரண்டு நாணயம் சேர்ந்தே உள்ளே போகும்.

இம்மண்ணின் பழைய தச்சர்கள் இவ்வியல்பை அறிந்தே வேலை செய்தனர். பத்தாவுக்கு அருகிலேயே உள்ள மஸ்மக் கோட்டை 1865ஆம் ஆண்டளவில் மண் செங்கல்லால் எழுப்பப்பட்டது. 1902ஆம் ஆண்டு ஜனவரியில் மன்னர் அப்துல் அஸீஸ் ரியாத்தைக் கைப்பற்றிய மோதல் நடந்த வாசல் அங்குள்ளது. அவ்வாசலின் பெருங்கதவும், 1930களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட முரப்பா அரண்மனையின் கூரையும் இந்நாட்டில் விளைந்த அத்ல் மரத்தாலும் பேரீச்சந்தண்டாலும் ஆனவை. நஜ்து வட்டாரக் கதவுகளில் நெடும்பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டப்படுவதில்லை. குறுக்குச் சட்டங்களின்மேல் ஆணியால் தனித்தனியே பிடிக்கப்படுகின்றன. கோடையில் இடைவெளி விழுந்தாலும் கதவு பிளப்பதில்லை. மற்றொன்றையும் கவனிக்கலாம். அக்கட்டடங்களில் மரம் கூரையிலும் கதவிலும் பலகணியிலும் உண்டு, தரையில் இல்லை. தரை மண்ணாகவும் சாந்தாகவும் இருந்தது; அதன்மேல் விரிப்பு.

தமிழகத்திலும் நிலை ஏறக்குறைய அதுவே. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் நின்றது. காலடியில் ஆத்தங்குடிக் கல்லும் சலவைக்கல்லும் கிடந்தன. மரத்தரை என்பது மச்சுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஆகவே கீழ்த்தளத்தில், சிமென்ட் தளத்தின்மேல் மரப்பலகை பரப்பும் வழக்கம் நம்மவர்க்குப் பெரும்பாலும் புதியது. இதில் மரபறிவு குறைவாக இருப்பது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று.

எந்த மரம் என்ற கேள்விக்கு முதல் விடை தேக்கு. அரபியில் சாஜ் என்று அழைக்கப்படும் இம்மரத்தின் ஆங்கிலப் பெயரும் நம் மொழிக் குடும்பத்துச் சொல்லிலிருந்து பிறந்ததே. முழுப் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு ஆரப் போக்கில் 2.5 விழுக்காடும் வளையப் போக்கில் 5.8 விழுக்காடும் சுருங்குகிறது. ஆப்பிரிக்க இரோக்கோவும் தென்கிழக்காசியாவின் மெர்பாவும் இவ்வரிசையில் இடம்பெறத் தக்கவை. மெர்பாவின் வளையப் போக்குச் சுருக்கம் 4.6 விழுக்காடு, இரோக்கோவுக்கு 3.8. மெர்பாவில் நீர் பட்டால் பழுப்புச் சாயம் கசியும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளை ஓக் 10.5 விழுக்காடு வரையிலும், அமெரிக்க பீச் 11.9 விழுக்காடு வரையிலும் சுருங்குபவை. இங்குள்ள மரக்கடைகளில் ஸான் என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பது இந்த பீச் இனத்து மரமே. மேசை நாற்காலிக்கு அது மிக நல்ல மரம். திண்மையான பலகையாக ரியாத் வீட்டுத் தரையில் இடுவதற்கு அது ஏற்றதன்று.

கடினமும் நிலைத்தன்மையும் ஒன்றல்ல என்பதும் இதிலிருந்து விளங்கும். மேப்பிள் தேக்கைவிடக் கடினமானது, தேக்கைவிட அதிகமாக அசையவும் செய்யும். கடின மரம் என்ற சொல்லே அகன்ற இலை மரங்களின் வகையைக் குறிப்பதன்றி உறுதிக்குச் சான்று அன்று. அழுத்தி இறுக்கிய மூங்கில் பலகையும் மிகக் கடினமானதே. மிக வறண்ட அறையில் அது வெடிப்பதுண்டு.

மரத்தைப் போலவே பலகையின் அகலமும் முக்கியம். மேற்சொன்ன 4 விழுக்காட்டு இறக்கத்தில், 70 மில்லிமீட்டர் ஓக் பட்டை 1 மில்லிமீட்டர் சுருங்கும். 180 மில்லிமீட்டர் பலகை 2.7 சுருங்கும். அறை முழுவதற்குமான மொத்தச் சுருக்கம் ஒன்றேயாயினும், குறுகிய பட்டைகளில் அது பல சிறு கோடுகளாகப் பிரிந்து கண்ணுக்குப் படாமல் போகும். அகலப் பலகையே வேண்டுமென்று விரும்புவோர் பல அடுக்குப் பலகையை நாடுவதே தகும்.

இன்ஜினீயர்டு வுட் எனப்படும் இப்பல அடுக்குப் பலகையில், மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் உயர்ந்த மரமும், அதன் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய மலிவு மர அடுக்குகளும் இருக்கும். ஓர் அடுக்கு அகலத்தில் சுருங்க முயன்றால், நீளத்தில் மாறாத மறு அடுக்கு அதனைத் தடுத்து நிறுத்தும். ஆகவே ரியாத் வீடுகளில் திண்மரத்தைக் காட்டிலும் இதுவே பாதுகாப்பான தேர்வு. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. காற்று மிக வறண்டால் மேலடுக்கு சுருங்க வழியின்றி மயிரிழை வெடிப்புகள் காட்டும். மட்டமான பசையாயின் அடுக்கே பிரியும். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதத்தாளில் அறையின் ஈரப்பதம் 30 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருப்பது வழக்கம். ஜூலை மாத ரியாத் வீடு ஏ.சி. ஓடினாலும் அதற்குக் கீழே நிற்பதை மேலே கண்டோம். 25 ஆண்டு உத்தரவாதம் என்று பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருப்பதைவிட, உள்ளேயிருக்கும் அந்தச் சிறு வரியைப் படிப்பதே பயன் தரும்.

லேமினேட் என்பது மரத்தூளை அழுத்திய எச்.டி.எஃப். பலகையின்மேல் மரப்படம் ஒட்டியது. அதுவும் ஈரத்திற்கு அசையும். நீர் தேங்கினால் விளிம்பு ஊதி மீளாது. கல்தூள் கலந்த எஸ்.பி.சி. வினைல் காற்றின் ஈரத்தைப் பொருட்படுத்தாது. நேர்வெயில் படும் பலகணி ஓரத்தில் வெப்பத்தால் விரியக்கூடும். டெசர்ட் கூலர் ஓடும் பழைய அடுக்ககத்தில் குடியிருப்போர்க்கு மரத்தரை ஏற்றதன்று என்பதை ஒளிவின்றிச் சொல்லியாக வேண்டும். ஓட்டுத் தரையோ வினைலோ அவர்கள் பணத்தைக் காக்கும்.

வாங்கும் இடத்தில் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, பலகை இதுவரை எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பது. வளைகுடாவுக்கு வரும் மரப்பலகைகளில் பல துபாய், தம்மாம், ஜித்தா போன்ற கடலோர நகரங்களின் கிடங்குகளில் தங்கிய பின்னரே ரியாத்துக்கு ஏறுகின்றன. கடலோரக் காற்று ஈரமானது. ஐரோப்பியத் தர விதிகளின்படி திண்மரப் பலகை 7 முதல் 11 விழுக்காட்டு ஈரத்துடனும், பல அடுக்குப் பலகை 5 முதல் 9 விழுக்காட்டு ஈரத்துடனும் ஆலையிலிருந்து வெளிவரும். குளிரூட்டாத கடலோரக் கிடங்கில் அது இன்னும் ஏறியிருக்கலாம். அந்தப் பலகையை லாரியிலிருந்து இறக்கிய மறுநாளே 4.5 விழுக்காட்டு அறையில் பதித்தால், பதித்த நாளிலிருந்தே சுருங்கத் தொடங்கும்.

எனவே பலகைகளைப் பதிக்கவிருக்கும் அறையிலேயே, குடியிருக்கும்போது ஓடுவதைப்போல ஏ.சி.யை ஓடவிட்டு, அடுக்குகளுக்கிடையே சிறு ரீப்பர் வைத்துக் காற்றுப் புகும்படி ஒன்றிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். திண்மரத்திற்கு இது இன்றியமையாதது. பல அடுக்குப் பலகைக்குத் தயாரிப்பாளர் கூறும் முறையைப் பின்பற்றலாம். பெட்டியைத் திறக்கக் கூடாதெனச் சிலர் குறிப்பிடுவர். நாட்களை எண்ணுவதைவிட ஈரமானியால் அளப்பதே சரி. பலகைக்கும் அதற்கு அடியில் அமையும் மரத்தளத்திற்கும் இடையிலான ஈர வேறுபாடு, 3 அங்குலத்திற்குக் குறைந்த பட்டைகளில் 4 விழுக்காட்டிற்கும், அதற்கு மேற்பட்ட அகலத்தில் 2 விழுக்காட்டிற்கும் மிகாதிருக்க வேண்டும் என்பது தொழில் வழக்கு. ஈரமானி வைத்திராத தச்சரிடம் திண்மரத் தரையை ஒப்படைக்காதிருப்பது நலம்.

புதிய சிமென்ட் தளமாயின் அதுவும் உலர்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. கார்பைடு முறையில் அளந்தால் 2 விழுக்காட்டிற்குள் வர வேண்டும். இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே ஓடு பதித்திருப்பதால், அதன்மேல் ஒட்டாமல் மிதவைத் தரையாக விரிப்பதே எளிது. 2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் முதலில் சமன் செய்தாக வேண்டும். சுவரோரம் 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதனை ஸ்கர்ட்டிங் கொண்டு மறைக்க வேண்டும். வறண்ட ஊரில் விரிவுக்கு எதற்கு இடம் என்று இதனைத் தவிர்க்கும் தச்சர் உண்டு. ஜூலையில் இறுக்கிப் பதித்த தரை ஜனவரி மழையில் நடுவில் கூடாரம்போல் எழும்பும். ஆண்டின் ஈரம் நடுநிலையில் நிற்கும் மார்ச், நவம்பர் மாதங்களே பதிப்பதற்கு உகந்தவை.

வாடகை வீட்டில் பசையிட்டு ஒட்டுவதற்கு முன் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஒட்டிய தரையைப் பெயர்த்தெடுக்கும் செலவு, காலிசெய்யும் நாளில் குடியிருந்தவர் தலையில் விழும். மிதவைத் தரையைக் கழற்றி உடன் எடுத்துச்செல்லவும் இயலும்.

பதித்த பின்னர் ஓர் ஈரப்பதமானியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவைப்பது சிறு செலவு. ஒப்பு ஈரப்பதத்தை 30க்கும் 45க்கும் இடையில் வைத்திருக்க முயல வேண்டும். கோடையில் ஈரமூட்டி ஒன்று அதற்குத் துணைசெய்யும். விடுமுறைக்குச் செல்வோர் ஏ.சி.யை முற்றிலும் நிறுத்தாமல் 28 பாகை அளவில் ஓடவிட்டால், பூட்டிய வீடு 43 பாகைக்குக் கொதித்து ஈரப்பதம் ஒற்றை இலக்கத்திற்கு இறங்குவது தவிர்க்கப்படும். மின்கட்டணம் ஏறும் என்பது உண்மையே. தரையை மீண்டும் பதிக்கும் செலவோடு அதனை ஒப்பிட்டு முடிவு செய்யலாம். திரைச்சீலைகளை மூடிவைப்பதற்குச் செலவே இல்லை. திரும்பி வந்தபின் இடைவெளிகளைக் கண்டு உடனே மக்குப் பூசி அடைப்பது தவறு. குளிர்காலத்தில் பலகை ஊதும்போது அந்த மக்கு நெருக்குண்டு பிதுங்கும், அல்லது விளிம்புகளை நொறுக்கும். ஜனவரி வரை பொறுத்து, அப்போதும் மூடாத இடைவெளியை மட்டும் கவனித்தால் போதும்.

வாளி நீரை ஊற்றித் தள்ளுகட்டையால் வடிக்கும் பழக்கம் மரத்தரைக்கு ஆகாது. நன்கு பிழிந்த துணியால் துடைப்பதே போதுமானது. புழுதிக்காற்று அடித்த நாட்களில் முதலில் துடைப்பத்தாலோ உறிஞ்சியாலோ மணலை அகற்றிய பின்னரே துணி படவேண்டும். மணலோடு சேர்த்துத் துடைத்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்ததாகிவிடும். வாசலில் ஒரு கால்மிதியும் செருப்பைக் கழற்றும் நம் வழக்கமும் பூச்சின் ஆயுளைக் கூட்டும்.

ஊரில் கட்டும் வீட்டிற்காக இங்கிருந்து பலகை வாங்கி அனுப்புவோரும் உண்டு. அவர்களுக்கு மேற்கூறிய கணக்கு முழுதும் தலைகீழாகும். ரியாத் கடையில் 5 விழுக்காட்டிற்கு உலர்ந்த பலகை, நாகப்பட்டினத்து ஐப்பசி மழையில் 16 விழுக்காடு வரை ஈரம் குடிக்கும். இங்கு இடைவெளி விழும் அதே ஓக், அங்கு ஒன்றையொன்று நெருக்கி மேலெழும்பும். கறையானும் அங்கே காத்திருக்கிறது. அத்தகைய வீட்டிற்குத் தேக்கை ஊரிலேயே வாங்கி, கட்டட வேலை முடிந்து சுவர் உலர்ந்தபின், அவ்வீட்டுக் காற்றிலேயே சில வாரம் அடுக்கிவைத்துப் பதிப்பதே முறை.